தூண்டில் கோல் எத்தனை கிலோ தாங்கும்?

மீன்பிடிக்கப் பழக ஆசைப்பட்டு முதல் கோல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. நானும் அப்படித்தான் கேட்டேன். கையில் எடுத்ததும் கம்பி மாதிரி விறைப்பாக நின்ற ஒரு கோலை, நல்ல வலுவான கோல் என்று நம்பி வாங்கினேன். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலில் இருந்த திருகையும் விரல் வலிக்கும் வரை இறுக்கி வைத்தேன். ஒரு மாலை நேரம், பெரிய கெளுத்தி ஒன்று இரையைக் கவ்வியது. கோல் ஒரே ஒருமுறை தலை குனிந்தது, ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நரம்பு அறுந்துவிட்டது. கோலுக்கும் ரீலுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்று எனக்குத் தெரியாதது இதுதான்: தூண்டில் கோல் பாரம் தூக்கும் கருவி இல்லை. அதன் வேலை வளைவது. ரீலின் முக்கிய வேலை, தேவைப்படும்போது நரம்பை விட்டுக்கொடுப்பது. பட்டம் விட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். காற்று பலமாக இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். விரல்களுக்கு நடுவே நூலை வழுக்கவிட்டு, காற்று தணிந்ததும் இழுத்துச் சுற்றிக்கொள்வோம். அந்த விரல்களின் வேலையை ரீல் செய்கிறது. குலுக்கலை வாங்கிக்கொள்ளும் முழங்கையின் வேலையைக் கோல் செய்கிறது.

ஏரி, குளம், ஆறு போன்ற நன்னீரில் பிடிப்பதற்கு ஒரு கோலும் ரீலும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பாதுகாப்பது என்பதை இங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கோல் ஏன் வளைய வேண்டும்

ஒரு சின்னச் சோதனை. 2.1 மீட்டர் நீளமுள்ள மூங்கில் கழி ஒன்றின் நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டுங்கள். புதுக் கோலில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஒரு கையைக் கழியின் அடியிலும், இன்னொரு கையை அதற்கு 30 சென்டிமீட்டர் முன்னாலும் வைத்து, கழியைத் தரைக்கு இணையாகத் தூக்கிப் பிடியுங்கள். பாட்டிலின் எடை 1 கிலோதான். ஆனால் அது முன்கையிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி இருக்கிறது. அடிக்கை 30 சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. தூரத்தில் ஆறு மடங்கு வித்தியாசம். அதனால் அடிக்கை 6 கிலோ அளவுக்குக் கீழே அழுத்தினால்தான் நுனி சாயாமல் நிற்கும். முன்கை அந்த ஆறையும் பாட்டிலின் ஒன்றையும் சேர்த்து 7 கிலோ தாங்க வேண்டும். கழியின் எடை தனி.

இதே கணக்கில் 5 கிலோ மீனைத் தூக்கினால் அடிக்கைக்கு 30 கிலோ. யாராலும் முடியாது, யாரும் அப்படிப் பிடிப்பதும் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். பெரும்பாலான மீன்களின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அது மீனை மூழ்காமலும் மேலே மிதந்து வராமலும் நிறுத்தி வைக்கிறது. ஆகவே நாம் சமாளிப்பது மீனின் எடையை இல்லை, அது நீந்தி இழுக்கும் இழுவையை. 2 கிலோ தாங்கும் நரம்பில் 5 கிலோ மீனைக் கரைக்குக் கொண்டுவர முடிவது இதனால்தான். கரைக்கு வந்த பிறகு கோலால் தூக்காமல் வலையால் ஏந்துவதும் இதனால்தான்.

அந்த இழுவை சீராக இருப்பதில்லை. மீன் தலையை உதறும், திடீரென்று திரும்பி ஓடும். விறைப்பான கழியாக இருந்தால் ஒவ்வொரு உதறலும் நேராக நரம்பில் போய் விழும். கோல் வளைந்தால் அந்த அதிர்ச்சி வளைவுக்குள் போய்ச் சேரும். மீன் நம் பக்கம் திரும்பும்போது கோல் நிமிர்ந்து நரம்பைத் தொய்யாமல் வைத்திருக்கும். நரம்பு தொய்ந்த நொடியில்தான் முள் வாயிலிருந்து கழன்றுபோகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: கோல் வளையும்போது நுனி நம் பக்கம் நெருங்குகிறது. 1.8 மீட்டர் தூரம் குறையக் குறைய, கையில் விழும் சுமையும் குறைகிறது.

சுருக்கமாக: மீனின் எடை வேறு, இழுவை வேறு. இழுவையின் குலுக்கலைக் கோலின் வளைவு உள்வாங்குகிறது. ‘எத்தனை கிலோ தாங்கும்’ என்பதைவிட ‘எவ்வளவு, எங்கே வளையும்’ என்று கேட்பதுதான் சரி.

வலு வேறு, வளைவு வேறு

கோல்களைப் பற்றிப் பேசும்போது மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். கோலில் பவர் என்று ஒன்று எழுதியிருக்கும், ஆக்‌ஷன் என்று ஒன்று எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, ‘ஃபாஸ்ட்’ என்றால் வலுவான கோல், ‘ஸ்லோ’ என்றால் பலவீனமான கோல் என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு.

துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி எடுங்கள். விரலால் லேசாகத் தள்ளினாலே வளைகிறது. இப்போது பத்து ஈர்க்குகளைச் சேர்த்து அடியில் கட்டுங்கள். அதே அளவு வளைக்க அதிக பலம் வேண்டும். இதுதான் பவர்: கோலை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது. லைட், மீடியம், ஹெவி என்று இதைப் பிரிக்கிறார்கள்.

அதே பத்து ஈர்க்குக் கட்டை அடியிலிருந்து முக்கால் உயரம் வரை கயிறால் இறுகச் சுற்றிவிட்டு வளைத்துப் பாருங்கள். இப்போது நுனிப்பக்கம் மட்டும்தான் வளையும். கயிற்றைப் பாதி உயரத்துக்கு இறக்கினால் நடுவிலிருந்தே வளையும். முழுவதும் அவிழ்த்து அடியில் மட்டும் கட்டினால் மொத்தமும் வில்லாக வளையும். இதுதான் ஆக்‌ஷன்: கோல் எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், மேல் பாதி வளைந்தால் மீடியம், அடிவரை வளைந்தால் ஸ்லோ. நுனி மட்டும் வளையும் கோல் சட்டென்று நிமிரும் என்பதால் அந்தப் பெயர்.

ஆகவே லைட் பவரில் ஃபாஸ்ட் கோலும் உண்டு, ஹெவி பவரில் ஸ்லோ கோலும் உண்டு. ஒற்றை முள் உள்ள போலி இரையை வைத்து, மீன் கவ்வியதும் வெடுக்கென்று இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும் என்றால் ஃபாஸ்ட் உதவும். மும்முள் மாட்டிய இரைக்கும், வாய் மென்மையான மீனுக்கும், முள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிடாமல் மெதுவாக விட்டுக்கொடுக்கும் கோல் நல்லது. முதல் கோலுக்கு மீடியம் பவர், மீடியம் அல்லது மீடியம்-ஃபாஸ்ட் ஆக்‌ஷன் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கைப்பிழை செய்தாலும் மன்னித்துவிடும் கோல் அது.

கோலின் மேல் இருக்கும் எண்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே சின்ன எழுத்தில் நீளம், பவர், நரம்பின் அளவு, இரையின் எடை ஆகியவற்றை அச்சிட்டிருப்பார்கள். முதல் கோலுக்கு ஆறரை முதல் ஏழு அடி, அதாவது சுமார் 2 முதல் 2.1 மீட்டர் போதும். நீளம் கூடினால் தூரம் வீசலாம், ஆனால் மரக்கிளைகளுக்கு நடுவே திணறும்.

நரம்பின் அளவு பெரும்பாலும் பவுண்டில் இருக்கும். 6–12 என்று போட்டிருந்தால், 6 முதல் 12 பவுண்டு இழுவையில் அறும் நரம்பு அந்தக் கோலுக்குப் பொருந்தும் என்று அர்த்தம். கோல் அத்தனை பவுண்டு மீனைத் தூக்கும் என்பதில்லை. 1 பவுண்டு சுமார் 0.45 கிலோ. இரையின் எடையையும் கட்டாயம் பாருங்கள். வீசும்போது இரையின் பாரம்தான் கோலைப் பின்னுக்கு வளைத்து வில்லாக்குகிறது. இரை மிக லேசாக இருந்தால் கோல் வளையாது, தூரம் போகாது. மிகக் கனமாக இருந்தால் கோலே முறியலாம்.

கார்பனா, கண்ணாடி இழையா

கண்ணாடி இழைக் கோல் கனமானது, நன்றாக வளையும், முட்டி மோதினாலும் தாங்கும். கார்பன் கோல் லேசானது. மீன் இரையை முகர்ந்து தொடுவதுகூட விரலில் தெரியும். ஆனால் கல்லிலோ படகின் விளிம்பிலோ ஒருமுறை அடிபட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அப்புறம் ஒருநாள் சின்ன மீனுக்கே முறியும். மீன் முறித்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது என்றைக்கோ முறிந்துவிட்டது. இரண்டும் கலந்த கோல்களும் கிடைக்கின்றன. பழகுபவருக்கு அவை நல்ல தேர்வு.

ஒன்றை மறக்கவே கூடாது: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே கோலை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். இடி முழங்கினால் கோலைக் கீழே வைத்துவிட்டு, பாதுகாப்பான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள்.

ரீலுக்குள் என்ன நடக்கிறது

பழகத் தொடங்குபவருக்கு ஏற்றது ஸ்பின்னிங் ரீல், அதாவது கோலுக்குக் கீழே தொங்கும் வகை. அதில் நரம்பு சுற்றியிருக்கும் உருளைக்கு ஸ்பூல் என்று பெயர். நூல்கண்டை மேசையில் நிற்கவைத்து, அதன் தலைப்பக்கமாக நூலை இழுத்துப் பாருங்கள். கண்டு சுழலாமலே நூல் சுருள் சுருளாகக் கழன்று வரும். வீசும்போது ஸ்பூலிலும் இதுவே நடக்கிறது. அப்படிச் சுருளாக வரும் நரம்பை அடக்கி நேராக்கத்தான் கோலின் முதல் வளையம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. கோலின் மேல் பக்கம் உட்காரும் இன்னொரு வகை ரீலில் ஸ்பூலே சுழலும். கட்டை விரலால் அடக்கத் தெரியாவிட்டால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். அதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

கைப்பிடியைச் சுற்றும்போது ஸ்பூலைச் சுற்றி ஒரு கூடு சுழன்று நரம்பைச் சுற்றுகிறது. 5.2:1 என்று எழுதியிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுக்குக் கூடு 5.2 சுற்று. இதைத்தான் கியர் விகிதம் என்கிறார்கள். ஸ்பூலின் குறுக்களவு 4.5 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 14 சென்டிமீட்டர். 5.2 மடங்கு போட்டால் கைப்பிடி ஒருமுறை சுற்ற சுமார் 73 சென்டிமீட்டர் நரம்பு வரும். விகிதம் கூடினால் வேகம் கூடும், பாரம் இழுக்கும் பலம் குறையும். சைக்கிள் கியரும் இப்படித்தானே. முதல் ரீலுக்கு 5-க்குப் பக்கத்தில் இருப்பது போதும். அளவில் 2500 என்று குறிப்பிடப்படும் ரீல் ஆறரை, ஏழு அடிக் கோலில் நன்றாக உட்காரும்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பத்து மட்டமான பேரிங்கைவிட நான்கு நல்ல பேரிங் மேல். கைப்பிடியை மெதுவாகச் சுற்றும்போது உள்ளே கரகரப்பு இருக்கிறதா என்று விரலால் உணருங்கள். அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைவிட அந்த விரல் சொல்வதை நம்பலாம்.

டிராக்: ரீலின் இதயம்

நான் விரல் வலிக்க இறுக்கினேன் என்றேனே, அந்தத் திருகுதான் டிராக். ஸ்பூலுக்குள் அடுக்கடுக்காக வட்டத் தகடுகள் இருக்கின்றன. திருகை இறுக்கினால் அவை ஒன்றோடொன்று அழுந்தி ஸ்பூலைப் பிடித்துக்கொள்ளும். மீன் அந்தப் பிடிப்பைவிடப் பலமாக இழுத்தால் தகடுகள் வழுக்கும், ஸ்பூல் சுழன்று நரம்பை வெளியே விடும். சைக்கிள் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்குவது மாதிரி. சக்கரம் நிற்காது, தடுமாறி ஓடவும் ஓடாது. இழுத்து இழுத்துக் கடைசியில் களைத்துப்போவது மீன்தான்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? நரம்பு அறும் அளவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. 10 பவுண்டு நரம்பு 4.5 கிலோவில் அறும். ஆக, டிராக் 1.1 முதல் 1.5 கிலோவில் வழுக்க வேண்டும். மீதியை ஏன் வீணாக்க வேண்டும் என்று தோன்றலாம். வீணாகவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பு பலம் குறைந்துதான் இருக்கும். வளைந்த கோலின் வளையங்களில் நரம்பு உரசுவதால் இழுவை கூடும். நின்றிருக்கும் தகடுகளை நகர்த்த முதல் நொடியில் கூடுதல் விசை வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலில் சுற்று மெலிகிறது. கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி குட்டையானால் சுற்றுவது கடினமாகிறதல்லவா, அதுபோல மெலிந்த சுற்றிலிருந்து நரம்பை உருவ அதிக விசை வேண்டும். சுற்றின் குறுக்களவு பாதியானால், திருகைத் தொடாமலே டிராக்கின் பிடிப்பு இரண்டு மடங்காகிவிடும். பெரிய மீன் தூரம் ஓடிய பிறகு நரம்பு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் திருகை இன்னும் இறுக்கத்தான் கை துடிக்கும். தொடாதீர்கள்.

அளந்து வைக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. முதலில் பார்த்த அதே ஒரு லிட்டர் பாட்டிலை நரம்பில் கட்டுங்கள். கோல் வளையாதபடி நுனியை நேராகத் தரையை நோக்கிப் பிடித்து, பாட்டிலை மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் மேலே எழும்பிய நிலையில் நரம்பு மெல்ல வழுக்கிக்கொண்டே இருந்தால் 1 கிலோவுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு சிட்டிகை இறுக்கினால் 10 பவுண்டு நரம்புக்குச் சரி.

இன்னொன்று: டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நரம்பு உள்ளே வராது. கூடு சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்குதான் ஏறும். மீன் ஓடும்போது ஓடவிட வேண்டும். நின்றதும் கோலை மெதுவாக உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்ற வேண்டும்.

சுருக்கமாக: கோல் குலுக்கலை வாங்குகிறது, டிராக் ஓட்டத்தை அனுமதிக்கிறது. இரண்டும் காப்பாற்றுவது நரம்பை.

நரம்பு

முதலில் நைலான் நரம்பே போதும். இழுத்தால் கொஞ்சம் நீளும் என்பதால் அதுவும் ஒரு மெத்தை மாதிரி. பல இழைகளைப் பின்னிய நரம்பு மெல்லியது, பலமானது, ஆனால் கிட்டத்தட்ட நீளாது. பழகாத கையில் முள்ளைப் பிடுங்கிவிடும். ஸ்பூலின் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பில் உரசி வீச்சுத் தூரம் குறையும், வழிந்தால் சிக்கும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். உலர்ந்த நைலானை இறுக்கினால் உரசும் சூட்டில் அந்த இடம் பலவீனமாகிவிடும்.

வாங்கும்போது கையில் பார்க்க வேண்டியவை

கோலை வாங்கும்போது பலர் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்க்கிறார்கள், கூரையில் அழுத்தியும் பார்க்கிறார்கள். செய்யாதீர்கள். மீன் இழுக்கும்போது வளைவு கோல் முழுவதும் பரவும். நுனியைக் கையால் மடக்கினால் அத்தனை பாரமும் மெல்லிய நான்கு விரற்கடைக்குள் விழும். நரம்பை வளையங்கள் வழியாகக் கோத்து, வேறொருவர் நுனிக்கு அப்பால் லேசாக இழுக்க, வளைவைப் பாருங்கள்.

கோலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளையங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ரீலைப் பொருத்தி, ரீல் உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு விரலில் ஏந்துங்கள். நுனி வெகுவாகச் சாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பை மெதுவாக உருவுங்கள். வெண்ணெய் மாதிரி வர வேண்டும், விக்கி விக்கி வந்தால் வேண்டாம்.

பராமரிப்பு

நன்னீர்தானே, கழுவ வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. உப்பு இல்லாவிட்டாலும் மணலும் சேறும் பாசியும் இருக்கின்றன. ஈரத்துணியால் கோலையும் ரீலையும் துடைத்து நிழலில் உலரவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ரீலைத் தண்ணீரில் முக்காதீர்கள், குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சவும் வேண்டாம். மணல் உள்ளே போய்க் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ரீலை மணலில் படுக்க வைப்பதும் இதே கெடுதல்தான்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். கம்பளித் தகடுகள் இறுகிய நிலையிலேயே கிடந்தால் தட்டையாகி விக்க ஆரம்பிக்கும். எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் இடம் வேறு வேறு. வேகமாகச் சுழலும் பேரிங்குக்கும், நரம்பு திரும்பும் இடத்தில் உள்ள சின்ன உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ். அந்தச் சின்ன உருளை சுழலாமல் சிக்கிக்கொண்டால் நரம்பு ஒரே இடத்தில் அறுபடும், முறுக்கும் ஏறும். அதனால் விரலால் அவ்வப்போது உருட்டிப் பாருங்கள்.

இரண்டு துண்டுக் கோலின் இணைப்பைத் துடைத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். ஒரு மணல் துகள் போதும், உள்ளே சிக்கிக் கீறிவிடும். கழற்றும்போது நேராக இழுங்கள், வளையங்களைப் பிடித்து முறுக்காதீர்கள். மீன் கரைக்கு வந்த கடைசி நேரத்தில் கோலைத் தலைக்குப் பின்னால் சாய்க்கும் பழக்கமும் வேண்டாம். அப்போதும் நுனி மட்டும் மடங்கும். பெரும்பாலான கோல்கள் அந்த நொடியிலும், வண்டிக் கதவு இடுக்கிலும்தான் உயிரை விடுகின்றன.

மாதம் ஒருமுறை கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறமும் சுற்றித் தேயுங்கள். நுனி வளையத்தை மறக்க வேண்டாம். எங்காவது பஞ்சின் இழை ஒன்று மாட்டிக்கொண்டு நின்றால், அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் நரம்பைச் சீவிக்கொண்டிருக்கும். அந்த வளையத்தை மாற்றிவிடுங்கள்.

நைலான் வெயிலில் கெடும். நகத்தால் வருடும்போது சொரசொரப்பாக இருந்தாலோ, வெளுத்திருந்தாலோ, ஸ்பூலிலிருந்து எடுத்த பிறகும் சுருளாகவே நின்றாலோ மாற்றிவிடுங்கள். கழற்றிய நரம்பைக் கரையில் போடாதீர்கள். கொக்கு, நாரைகளின் காலில் சுற்றிக்கொண்டால் அவற்றால் அவிழ்க்க முடியாது. வீட்டுக்கு எடுத்து வந்து, கத்தரியால் விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கிய பிறகு குப்பையில் சேருங்கள்.